மணற்குழி

“எழும்புங்கோ பிள்ளையள், ஆனையிறவு வந்திட்டுது.”

ஆகஸ்ட் மாதத்து விடியலில் அப்பா எங்களை இப்படித்தான் எழுப்புவார். முதல்நாள் இரவு பாரிஸின் அவுஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ஏறிய ரயில் அப்போது நார்போனுக்கும் பெர்பிஞ்ஞோனுக்கும் இடையில் ஓடிக்கொண்டிருக்கும். பெட்டியறைக்குள் மூன்று தட்டாக ஆறு படுக்கைகள். மேல்தட்டிலிருந்து நானும் தங்கச்சியும் இறங்கி, நடைவழி யன்னலில் நிற்கும் அப்பாவின் கைக்குக் கீழே தலையை நுழைத்துப் பார்ப்போம். ரயில் தண்ணீருக்கு நடுவே போகும். இரண்டு பக்கமும் களப்பு. கிழக்குப் பக்கத்தில் நூலளவு நிலம், அதற்கு அப்பால் மத்தியதரைக் கடல். முழங்கால் ஆழத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும்.

அந்த இடத்தின் பெயர் ஆனையிறவு என்றுதான் பல வருடம் நம்பியிருந்தேன். மூன்று வயதில் இலங்கையிலிருந்து பிரான்ஸுக்கு வந்தவளுக்கு உண்மையான ஆனையிறவு எப்படி நினைவிருக்கும்? அப்பாவுக்கு அது மறக்க முடியாத இடம். கொழும்பில் வேலை பார்த்த காலத்தில் இரவுத் தபால் ரயிலில் யாழ்ப்பாணத்து ஊருக்கு வருவார். விடியப்புறம் ரயில் களப்பைக் கடக்கும்போது உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றுப் பட்டால்தான் லீவு தொடங்கியதாகக் கணக்காம். 1990இல் அந்த ரயில் நின்றுபோனது. இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்க, உப்பு மணக்க ஓடும் ஒரு தண்டவாளத்தை அவர் பிரான்ஸ் முழுக்கத் தேடி இங்கே கண்டுபிடித்தார் என்றே எனக்கு இப்போது தோன்றுகிறது. இந்தப் பக்கத்துக் களப்புகளிலும் உப்பு விளைகிறது. ஆனையிறவிலும் பூநாரை வரும் என்று அப்பா சொல்லுவார். நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்போம். அம்மா உள்ளே பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருப்பா.

அப்பா பாரிஸில் கோப்பை கழுவத் தொடங்கிச் சமையற்காரராக உயர்ந்தவர். ஆகஸ்டில் அவர் வேலை செய்த உணவகம் மூன்று கிழமை பூட்டப்படும். பிரான்ஸில் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வருடத்துக்கு ஒருமுறை குறைந்த விலையில் லீவு டிக்கெட் உண்டு. முதலாளி ஒப்பமிட்ட படிவத்தைக் காட்டினால் நாலில் ஒரு பங்கு கழிவு, குடும்பத்துக்கும் சேர்த்து. அப்பா அந்தப் படிவத்தை மே மாதமே நிரப்பி, சாமிப்படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கிடைக்கும் விடுமுறைச் சீட்டும் அதற்குப் பக்கத்தில் இருக்கும். அவை இரண்டும் இல்லாவிட்டால் எங்களைப் போன்றவர்கள் கடல் பார்த்திருக்க முடியாது.

அந்த டிக்கெட்டுக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1936 ஜூனில் பிரான்ஸின் மக்கள் முன்னணி அரசு, உழைக்கிற எல்லோருக்கும் வருடத்தில் இரண்டு கிழமை சம்பளத்தோடு விடுமுறை என்று சட்டம் கொண்டுவந்தது. துணை அமைச்சர் லியோ லக்ராஞ்ச் அந்தக் கோடையிலேயே நாற்பது சதவீதக் கழிவில் ரயில் டிக்கெட் கொடுக்க ஏற்பாடு செய்தார். பட்டறையிலும் சுரங்கத்திலும் வாழ்நாளைக் கழித்தவர்கள் முதன்முதலாகக் கடலைக் கண்டது அந்த ஆகஸ்டில். அதே கோடையில், ஜூலை நடுவில், பிரனீஸ் மலைக்கு அப்பால் ஸ்பெயினில் யுத்தம் தொடங்கியது. மூன்று வருடத்தில் அந்த யுத்தமும் நாங்கள் லீவுக்குப் போன கடற்கரைக்கே வந்து சேர்ந்தது.

நாங்கள் போனது ஆர்ஜெலேஸ். பிரான்ஸின் மத்தியதரைக் கரை ஸ்பெயினைத் தொடுவதற்குச் சற்று முன்னால் இருக்கிற ஊர். வடக்கிலிருந்து நீண்டு வரும் மணல் ரக்கூ என்ற சிறு குடியிருப்போடு முடியும். அதன் பிறகு கரை பாறையாகிவிடும். பிரனீஸ் மலைத்தொடர் கடலுக்குள் இறங்கும் இடம் அது. மேற்கே 2,784 மீற்றர் உயரத்தில் கனிகூ மலை தெரியும். கற்றலான் சனங்களுக்கு அது எங்களுக்குச் சிவனொளிபாதமலை போல. சில நாளில் வடமேற்கிலிருந்து திரமொந்தான் காற்று அடிக்கும். வானத்தைத் துடைத்து வைத்ததுபோல நீலமாக்கிவிட்டு, கூடாரத்தின் கயிறுகளைப் பிடுங்கப் பார்க்கும். அப்பா நடு இரவில் எழும்பி ஆப்புகளை இறுக்குவார்.

கூடாரம் அப்பாவின் கூட்டாளியிடம் இரவல் வாங்கியது. பைன் மரங்களுக்குக் கீழே அதை அடித்துவிட்டு, அம்மா செய்கிற முதல் வேலை காஸ் அடுப்பில் பானை வைத்து, பாரிஸின் லாச்சப்பல் கடைத்தெருவில் வாங்கிய நீத்துப்பெட்டியில் புட்டு அவிப்பது. பைன் பிசின் மணம், உப்பு, வெயிலில் காயும் துவாய், புட்டின் ஆவி எல்லாம் கலந்த ஒரு வாசம் உண்டு. முப்பது வருடத்தில் வேறெங்கும் அது எனக்குக் கிடைக்கவில்லை.

அம்மா நீளச் சட்டையோடுதான் கடலுக்குள் இறங்குவா. இடுப்பளவு நீரில் நின்று, மூக்கைப் பிடித்து மூன்று முழுக்குப் போட்டுவிட்டு, கீரிமலையில் தீர்த்தமாடியவ மாதிரி கிழக்கே பார்த்துக் கும்பிடுவா. வற்றுப் பெருக்கு அதிகம் தெரியாத கடல் இது. காலையில் நாங்கள் கோடு கீறிய இடத்திலேயே பின்னேரமும் தண்ணீர் நிற்கும். “பரவைக்கடல் மாதிரிக் கிடக்கு” என்று அப்பா சொன்னார்.

நானும் தங்கச்சியும் குழி தோண்டுவோம். மேல்மணல் காலைச் சுடும். ஒரு முழம் தோண்டினால் குளிர்ந்த கறுத்த மணல். இன்னும் தோண்டினால் சுற்றிவரத் தண்ணீர் ஊறும். அதற்குள் இறங்கி உட்கார்ந்தால் காற்றுப் படாது. முதல் வருடம், 1994இல், நாங்கள் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஒரு நிழல் விழுந்தது. பக்கத்துக் கரவனில் இருந்த வயதானவர்.

“போகும்போது இந்தக் குழியை மூடிவிட்டுப் போகவேண்டும். இரவில் யாராவது நடப்பார்கள்.”

கோபிக்கிறார் என்று பயந்தோம். பிறகுதான் தெரிந்தது, கடற்கரையில் இருந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் அவர் அதைத்தான் சொன்னார். யாராவது மூடாமல் போனால், பொழுதுபடும் நேரத்தில் தானே காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு, மிதித்துப் பார்த்துவிட்டுப் போவார்.

துலூஸில் இருந்து மனைவியோடும் பேரப்பிள்ளைகளோடும் அவர் ஒவ்வொரு ஆகஸ்டும் வருவார். ஸ்பெயினில் பிறந்தவர் என்பதால் நாங்கள் அவரை ஸ்பெயின் தாத்தா என்று அழைக்கத் தொடங்கினோம். அவருடைய மனைவி சூட்டடுப்பில் மத்தி மீன் வாட்டித் தருவா. அம்மா புட்டும் சம்பலும் கொடுத்தனுப்புவா. இரண்டு வருடம் இப்படிப் பாத்திரங்கள் போய் வந்தன. மூன்றாவது வருடந்தான் அவர் தன் கதையைச் சொன்னார்.

அது 1996. அம்மாவுக்கு அந்த வருடம் வர மனமே இல்லை. முந்தின ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, யாழ்ப்பாணத்தில் சண்டைக்கு அஞ்சி, வலிகாமத்துச் சனம் ஏறத்தாழ முழுவதும் ஊரை விட்டு வெளிக்கிட்டது. ஐந்து லட்சம் பேர். நாவற்குழிப் பாலத்து ஒடுங்கிய வழியால், மழைக்குள்ளே, அடி அடியாக. அம்மம்மாவும் அந்தச் சனத்துக்குள் சுன்னாகத்திலிருந்து நடந்தவ. சாவகச்சேரிக்குப் போய், பிறகு மாமாவோடு கிளிநொச்சிக்குப் போனது வரைக்கும் கடிதம் வந்தது. 1996 கோடையில் கிளிநொச்சியிலும் சண்டை தொடங்க, அங்கிருந்தும் சனம் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு அம்மம்மாவைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஒவ்வொரு பின்னேரமும் அம்மா கூடார வெளியின் வாசலில் இருந்த தொலைபேசிக் கூண்டுக்குப் போய், பாரிஸில் இருந்த சித்தியைக் கூப்பிட்டு, “ஏதும் வந்ததோ?” என்று கேட்டுவிட்டு வருவா.

ஒரு இரவு தாத்தா எங்கள் கூடாரத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். அம்மாவுக்கு என்ன வருத்தம் என்று கேட்டார். அப்பா தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னார். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கடற்கரைப் பக்கம் கையை நீட்டினார். “ஏழு வயதில் நான் அந்த மணலில் கிடந்தேன்.”

அம்மாவுக்குப் பிரெஞ்சு விளங்காது. நான்தான் மொழிபெயர்த்தேன். எனக்கு அப்போது பதினொரு வயது.

1939 ஜனவரி 26ஆம் திகதி பார்சலோனா வீழ்ந்தது. பிராங்கோவின் படைக்கு அஞ்சிய சனமெல்லாம் வடக்கே எல்லையை நோக்கி நடந்தது. முதலில் பிரான்ஸ் கதவைத் திறக்கவில்லை. மாதக் கடைசியில் பெண்களையும் பிள்ளைகளையும் விட்டார்கள். பிப்ரவரியில் படைவீரர்களையும் விட்டார்கள். இரண்டு கிழமைக்குள் பெர்த்தூஸ் கணவாயாலும் கடலோரப் பாதைகளாலும் வந்து சேர்ந்தவர்கள் ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். வந்தவர்களில் பலரைக் கொண்டுபோய் விட்ட இடங்கள் ஆர்ஜெலேஸும் பக்கத்துச் சேன் சிப்ரியேனும். கொட்டில் இல்லை, கூரை இல்லை. ஒரு பக்கம் கடல், மற்றப் பக்கமெல்லாம் கம்பி.

அந்தக் கம்பிக்குத் தமிழ்ச் சொல் எனக்குத் தெரியவில்லை. கையால் முள் மாதிரிக் காட்டினேன். “முள்ளுக்கம்பி” என்றார் அப்பா மெல்ல.

குளிரும் திரமொந்தான் காற்றும் தாங்காமல் சனம் கையால் மணலைத் தோண்டியது. குழிக்குள் மூன்று நாலு பேராக ஒடுங்கி, மேலே கம்பளியைப் போர்த்துப் படுத்தார்கள். இரவில் கீழிருந்து தண்ணீர் ஊறியது. மணலில் அடித்த குழாய்களில் வந்த உப்புத் தண்ணீரைக் குடித்து வயிற்றோட்டத்தில் பலர் செத்தார்கள். இருட்டில் எழும்பி நடக்கிறவர்கள் மற்றவர்களின் குழிகளுக்குள் விழுந்தார்கள். தாத்தாவின் தாய் அப்படி விழுந்து காலை முறித்துக்கொண்டவ.

நான் தங்கச்சியைப் பார்த்தேன். அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கேட்டா: “எத்தினை பேராம்?”

“ஐஞ்சு லட்சமாம் அம்மா.”

அம்மா அகப்பையைக் கீழே வைத்தா. “கேள், மழையோ எண்டு.”

மழையும் பனியும் என்றார் தாத்தா.

“கேள், வயசு போனதுகளை என்ன செய்தவையாம்?”

அந்தக் கேள்வியைப் பிரெஞ்சில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அப்பாதான் கேட்டார். தாத்தா அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். தன்னுடைய பாட்டியை வண்டியில் மெத்தை போட்டுக் கொண்டுவந்தார்களாம். ஃபிகேராஸ் நகரைத் தாண்ட வண்டிச் சில்லு உடைந்துபோனது. “பிறகு நடந்தா. அவ்வளவு தூரமும் நடந்தா. துலூஸில் எங்களோடு இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தா.”

நான் அதைச் சொன்னதும் அம்மா தலையை ஆட்டினா. “அப்ப எங்கடை அம்மாவும் நடந்திருப்பா” என்றா. அந்த வருடம் அம்மா இரவில் முழுச் சாப்பாடு சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் தாத்தா எங்களைக் கொலியூருக்குக் கூட்டிப் போனார். ஆர்ஜெலேஸிலிருந்து ரயிலில் அடுத்த தரிப்பு. சுற்றிவரப் பாறை, நடுவில் சிறு வளைகுடா, கடலுக்குள் கால் நனைத்து நிற்கும் தேவாலயம். அதன் மணிக்கூண்டு முந்தி வெளிச்சவீடாக இருந்தது. 1905 கோடையில் ஓவியர்கள் மத்தீஸும் தெரேனும் இங்கே வந்து, கண்ட நிறங்களை இன்னும் கொதிக்க வைத்து வரைந்தார்கள். அதிலிருந்துதான் ஃபோவிசம் என்ற ஓவிய இயக்கம் பிறந்தது. அம்மாவுக்கு ஓவியங்களைவிட உப்பிட்ட நெத்தலிதான் முக்கியமாகப் பட்டது. கொலியூர் அதற்குப் பெயர் போனது. ஒரு போத்தல் வாங்கி மணந்து பார்த்துவிட்டு, “நல்ல பதம்” என்றா.

தாத்தா காட்ட வந்தது இதையல்ல. கடைத்தெருவுக்குப் பின்னால் சிறு இடுகாடு. அங்கே ஸ்பெயினின் பெருங்கவி அந்தோனியோ மச்சாதோவின் கல்லறை இருக்கிறது. 1939 ஜனவரிக் கடைசியில் எண்பத்து நாலு வயதுத் தாயோடு எல்லையைக் கடந்து இந்த ஊருக்கு வந்து, பிப்ரவரி 22ஆம் திகதி விடுதி அறையில் இறந்தார். மூன்று நாள் கழித்துத் தாயும் இறந்தா. இரண்டு பேரும் ஒரே கல்லுக்குக் கீழே இருக்கிறார்கள். கவிஞரின் மேலங்கிப் பையில் கசங்கிய ஒரு கடதாசி கிடந்ததாம். அதில் அவர் எழுதியிருந்த கடைசி வரி சிறுபிராயத்தைப் பற்றியது.

கல்லறையில் ஒரு தபாற்பெட்டி இருக்கும். உலகம் முழுவதிலுமிருந்து சனம் அவருக்குக் கடிதம் எழுதிப் போடுகிறது. அம்மா அந்தப் பெட்டியை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றா. வன்னியில் இருந்த அம்மம்மாவுக்கு அவ எழுதிய மூன்று கடிதத்துக்கு அப்போது பதில் இல்லை.

“போய்ச் சேரும் எண்டு நம்பித்தானே போடுகினம்” என்றா.

ஒக்டோபரில் அம்மம்மாவின் கடிதம் வந்தது. காட்டோரம் கொட்டில் போட்டு இருப்பதாகவும் நடக்க முடிவதாகவும் எழுதியிருந்தா. அம்மா அதைப் படித்துவிட்டு முதலில் சொன்னது: “தாத்தாவுக்கு அறிவியுங்கோ.” அப்பா எழுதினார். துலூஸிலிருந்து வாழ்த்து அட்டை வந்தது. அம்மாவும் அம்மம்மாவும் அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் காணவே இல்லை. கிடைத்தது கடிதங்கள்தான்.

பாரிஸில் நாங்கள் அடையாள அட்டைக்கும் வரிசையில் நின்றோம், வீட்டுக்கும் வரிசையில் நின்றோம். ஆர்ஜெலேஸில் எங்களிடம் யாரும் கடதாசி கேட்கவில்லை. அப்பா வெறும் மேலோடு மணலில் படுத்து நித்திரை கொள்வார். சமையலறை எண்ணெய் தெறித்த தழும்புகள் கை நிறைய இருக்கும். அவர் பகலில் நித்திரை கொண்டு நான் கண்டது வருடத்தில் அந்த மூன்று கிழமைதான்.

2001தான் கடைசிக் கோடை. பிராங்கில் நாங்கள் செலவு செய்த கடைசிக் கோடையும் அதுதான். அடுத்த வருடம் எனக்குச் சோதனை, அப்பாவுக்கு முழங்கால் வருத்தம். அதற்கு அடுத்த வருடம் துலூஸிலிருந்து கறுப்புக் கரை போட்ட கடிதம் ஒன்று வந்தது. கூடாரத்தைத் திருப்பிக் கொடுக்க முதல் கூட்டாளி லண்டனுக்குப் போய்விட்டார். வீடு மாறியபோது அது எங்கேயோ தவறிப்போனது. 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. அப்பா அப்போது நோயில் படுத்திருந்தார். ரயில் ஆனையிறவைக் கடக்கிற காட்சியைத் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அடுத்த மாரியில் போய்விட்டார்.

2019இல் என் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். இப்போது பாரிஸிலிருந்து பெர்பிஞ்ஞோனுக்கு அதிவேக ரயிலில் ஐந்து மணித்தியாலம், பகற்பயணம். களப்புக்கு நடுவே போகும்போது பின்னேர வெயில். “ஆனையிறவு வந்திட்டுது” என்றேன். பிள்ளைகள் எழும்பி யன்னலுக்கு வந்தார்கள்.

நாங்கள் முதன்முதலாக வந்தபோது இல்லாத சில இப்போது இருக்கின்றன. ஆர்ஜெலேஸில் அந்த முகாமுக்கு ஒரு நினைவகம். வடக்குக் கடற்கரையில் ஒரு நினைவுக்கல். சில கிலோமீற்றர் தள்ளி எல்ன் என்ற ஊரில் மகப்பேற்று இல்லம் ஒன்று நினைவிடமாகியிருக்கிறது. எலிசபெத் ஐடென்பென்ஸ் என்ற சுவிஸ் நாட்டு இளம் ஆசிரியை 1939 கடைசியில் ஒரு பழைய மாளிகையில் அதைத் தொடங்கினா. முகாம் மணலிலிருந்து கர்ப்பிணிகளை அங்கே கூட்டி வந்தா. 1944 வரை அங்கே பிறந்த குழந்தைகள் 597. அந்த வெளிச்சமான அறைகளில் நடக்கும்போது அம்மாவின் கேள்வி எனக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. வயது போனவர்களை மட்டுமா, பிறக்க இருந்தவர்களையும் அல்லவா அந்த வழியில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

எல்னிலிருந்து பின்னேரம் கடற்கரைக்கு வந்தோம். பிள்ளைகள் குழி தோண்டினார்கள். சூடான மணல், பிறகு குளிர்ந்த கறுத்த மணல், பிறகு தண்ணீர். இரண்டு பேரும் உள்ளே இறங்கி உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டார்கள். நானும் இறங்கினேன். காற்றுப் படவில்லை. தாத்தா சொன்னபோது விளங்காத ஒன்று அப்போது விளங்கியது. குழிக்குள் இருந்தால் கடல் தெரியாது. வானம் மட்டுந்தான் தெரியும்.

பொழுதுபட்டது. துவாய்களை உதறினேன். பிள்ளைகள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

“குழியை மூடிப்போட்டு வாங்கோ” என்றேன். “இரவில ஆரும் நடப்பினம்.”

ஆர் என்று அவர்கள் கேட்கவில்லை. முழங்காலில் இருந்து, நாலு கையாலும் மணலைத் தள்ளி மூடினார்கள். மூத்தவள் எழும்பி, அந்த இடத்தில் ஏறி நின்று மிதித்துப் பார்த்தாள்.